தக்காளி காய்க்கலைன்னா கையைக் குறை சொல்லாதீங்க

பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சு, குளிச்சு, ஒரு தேத்தண்ணி வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

வர்ற தைப் பொங்கலுக்கு கோயிலுக்கு வர்ற குடும்பங்களுக்குத் தக்காளி விதை பாக்கெட் குடுக்கலாம்னு நம்ம தொண்டூழியர் வாட்சாப் குழுவில ஒரு யோசனை வந்திருக்கு. வீட்டுக்கு ஒரு செடி, பிள்ளைங்க போன்ல இருந்து கண்ணை எடுக்கும், நல்லதுதான். நாங்க எதிர்க்கல. நாங்கன்னா யாருன்னு கேட்பீங்க. பேக்டரில ஷிப்ட் பார்த்துட்டு வந்து, வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிற நாலஞ்சு பேரு. அஞ்சாம் பாரம் படிச்ச படிப்புதான். ஆனா நாலஞ்சு வருஷமா வீட்டு வாசல்ல தக்காளியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம். அதனால இந்த விஷயத்துல எங்களுக்கு ஒரு கருத்து இருக்கு. கருத்து என்னன்னா, பொங்கலுக்கு வேண்டாம், திருக்கார்த்திகைக்கே குடுப்போம். கடையில கிடைக்கிற ஏதோ ஒரு விதையும் வேண்டாம். விதையோட சேர்த்து உண்மையையும் சொல்லிக் குடுப்போம். உண்மையைச் சொல்லாம விதையை மட்டும் குடுத்தா அதனால மனுஷங்க மனசு நோகுது. இதை நாங்க கண்ணால பார்த்துட்டோம்.

போன ஆடி வெள்ளி நடந்ததைச் சொல்றோம். சம்பந்தப்பட்ட அக்கா சம்மதத்தோடதான் எழுதுறோம், பேரு மட்டும் வேண்டாம்னாங்க. கோயில் பின்பக்கம் எண்ணெய் டின்ல தக்காளி நாத்து நடுறோம். இந்த அக்கா வழக்கம்போல சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு நாத்தை எடுக்கக் குனிஞ்சாங்க. பக்கத்துல நின்ன ஒருத்தர், வயசுல பெரியவர், "நீ விடும்மா, கைராசி உள்ளவங்க நடட்டும்"னு சொல்லிட்டார். அக்காவுக்கு வீட்டுக்காரர் தவறி மூணு வருஷம். அதுக்கு முந்தின தடவை அவங்க வீட்டுல போட்ட தக்காளி பூவோட நின்னு போச்சு, அதையும் கோயில்ல சொல்லியிருந்தாங்க. ரெண்டையும் அவர் முடிச்சுப் போட்டுட்டார். அக்கா ஒண்ணும் பேசல. கையைக் கழுவிட்டு காய் வெட்டப் போய்ட்டாங்க. அன்னைக்கே நாங்க அவர்கிட்ட தனியா பேசினோம். "நான் என்ன தப்பா சொன்னேன், ஊர்ல சொல்றதுதானே"ன்னார்.

ஊர்ல சொல்றதுதான். அதனாலதான் ஊருக்கே பதில் எழுதுறோம்.

ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. அதே பாக்கெட் விதையில அந்தப் பெரியவர் வீட்டுலயும் மூணு செடி. அதுலயும் பூ கொட்டுச்சு, ஒரு காய் கூட நிக்கல. அதுக்கு என்ன சொன்னாங்க? "மண்ணு சரியில்லண்ணே." "உரம் பத்தல போல." ஒருத்தர் கூட அவர் கையைப் பத்திப் பேசலையே! ஒரே விதை, ஒரே தாமான், ஒரே வெயில். ஆம்பளை வச்சா மண்ணு குத்தம், தாலி இல்லாத பொம்பளை வச்சா கை குத்தமா? அதுவும் அம்மன் கோயில்ல வச்சு!

எங்க பேக்டரியில பிளாஸ்டிக் மோல்டிங். ரிஜெக்ட் ஏறினா, "மெஷின்ல யாரு நின்னா"ன்னு முதல்ல கேக்கிற சூப்பர்வைசர் ஒரு நாளும் ரிஜெக்ட்டைக் குறைக்க மாட்டான். மோல்ட் சூடு எவ்வளவு, மெட்டீரியல் காஞ்சிருக்கா, எந்த லாட்டுல இருந்து வந்துச்சு, இதைத்தான் பார்க்கணும். பத்துக்கு ஒன்பது தடவை பதில் அங்கேயே கிடைச்சிடும். தக்காளியும் அப்படித்தான். சூட்டைப் பார்க்கணும், லாட்டைப் பார்க்கணும்.

முதல்ல சூடு. தக்காளியோட பூர்வீகம் தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலைப் பக்கம். ஸ்பானியர்கள் அங்க போன பிறகு, 16ஆம் நூற்றாண்டுல இருந்துதான் மத்த நாடுகளுக்குப் பரவுச்சு. நம்ம சாம்பாருக்கே அது புது விருந்தாளிதான். பூரி ஜெகந்நாதர் கோயில் மடப்பள்ளியில இன்னைக்கும் தக்காளி சேர்க்கிறதில்ல. சரி, அது வேற கதை. பகல்ல நல்ல வெளிச்சம், ராத்திரியில குளிர், இதுதான் அந்தச் செடிக்குப் பழக்கம். காய் நல்லா பிடிக்கணும்னா ராத்திரி சூடு ஏறக்குறைய 15ல இருந்து 21 டிகிரிக்குள்ள இருக்கணும். நம்ம பக்கம், அதாவது பிறை, பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி மாதிரி தாழ்நிலத்துல, ராத்திரி பெரும்பாலும் 24, 25லயே நிக்கும். பகல் 32, 33. கேமரன் மலையில தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரம், ராத்திரி 15, 16க்கு இறங்கிடும். நம்ம நாட்டுத் தக்காளியில பெரும்பகுதி அங்க இருந்து லோரில வர்றதுக்குக் காரணம் இதுதான். அங்க இருக்கிறவங்க எல்லாரும் கைராசிக்காரங்களா என்ன?

சூடு கூடினா செடி சாகாது. அதுதான் நம்மள ஏமாத்துற இடம். செடி பச்சைப் பசேல்னு ஆள் உயரம் வளரும், பூவும் கொத்துக் கொத்தா வரும். ஆனா பூவுக்குள்ள மகரந்தம் கெட்டுப் போயிருக்கும். இந்தக் கேடு பூ விரியிறதுக்கு ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்னாடியே மொட்டுக்குள்ள நடந்து முடிஞ்சிருக்கும். விரிஞ்ச பூவை நீங்க யாரு கையால தொட்டாலும் அது மாறாது. காத்துல ஈரம் அதிகமா இருந்தா நல்ல மகரந்தம்கூட ஒட்டிப் பிசுபிசுன்னு ஆயிடும், உதிர்ந்து விழாது. பூக்காம்பைக் கூர்ந்து பாருங்க, நடுவுல சின்னதா ஒரு கணு இருக்கும். கரு பிடிக்கலைன்னா அந்தக் கணு மஞ்சளாகி, பூ அங்கேயே முறிஞ்சு விழும். அக்கா வீட்டுச் செடியிலயும் அப்படித்தான் விழுந்துச்சு, பெரியவர் வீட்டுச் செடியிலயும் அப்படித்தான் விழுந்துச்சு. ரெண்டையும் நாங்க போய்ப் பார்த்தோம்.

இப்ப லாட். சமையல்கட்டுல தக்காளி அரியும்போது விதையை எடுத்துப் போட்டா முளைக்குது, அதனால காய்க்கும்னு நினைக்கிறோம். முளைக்கிறதும் காய்க்கிறதும் வேற வேற சங்கதி. கடைத் தக்காளி பெரும்பாலும் மலைக்குன்னு தயார் பண்ணின கலப்பு ரகம். அதோட விதையில வர்ற செடி தாய் மாதிரி இருக்கும்னு சொல்ல முடியாது, நம்ம சூட்டையும் தாங்காது. படத்துல பெருசா சிவப்பா இருக்கிற பாக்கெட் விதைகளும் நிறைய குளிர் நாட்டுக்கானது. தாழ்நிலத்துக்குன்னு தனியா ரகங்கள் இருக்கு. நம்ம நாட்டு மார்டி ஆராய்ச்சிக் கழகமே அப்படி ரகங்கள் உருவாக்கியிருக்கு. தைவான்ல இருக்கிற உலகக் காய்கறி மையம் 1971ல ஆரம்பிச்சதுல இருந்து சூடு தாங்குற தக்காளிக்காக உழைச்சிக்கிட்டு இருக்கு. பாக்கெட்டுல தாழ்நிலம், சூடு தாங்கும்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்கணும். எங்க அனுபவத்துல சின்னத் தக்காளி, அதான் செர்ரி தக்காளி, நம்ம வாசல்ல ஓரளவு நிக்குது. பெரிய பழத்துக்கு ஆசைப்பட்டா ஏமாத்தம்தான்.

தமிழ்நாட்டு மாடித்தோட்ட வீடியோ பார்க்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அவங்க பொய் சொல்லல. கோயம்புத்தூர்ல மார்கழி ராத்திரி 20 டிகிரிக்குப் பக்கத்துல இறங்குது, அந்தக் குளிர்ல அவங்களுக்குக் குலை குலையா காய்க்குது. நமக்கு மார்கழி காலண்டர்ல மட்டும்தான். ஊருக்குப் போய்ட்டு வரும்போது பையில விதை கொண்டு வர்றதும் வேண்டாம். வெளியில இருந்து விதை கொண்டு வர அனுமதி வேணும், 1976ல இருந்தே தாவரத் தடைக்காப்புச் சட்டம் இருக்கு. விதையோட நோயும் சேர்ந்து வரும்.

நோய்னு சொன்னதும் இன்னொரு விஷயம். கண்ணு பட்டுடுச்சுன்னு சொல்லுவாங்களே, அது. நேத்து வரைக்கும் கம்பீரமா நின்ன செடி இன்னைக்கு மத்தியானம் தலை தொங்கிடும். இலை பச்சையாவே இருக்கும். சாயங்காலம் கொஞ்சம் நிமிரும், மறுநாள் மறுபடி தொங்கும், மூணு நாலு நாள்ல போயிடும். பக்கத்து வீட்டு அம்மா நேத்துதான் "ஐயோ எவ்வளவு அழகா இருக்கு"ன்னு சொல்லியிருப்பாங்க. பாவம், பழி அவங்க மேல. இது ரல்ஸ்டோனியான்னு மண்ணுல இருக்கிற ஒரு பாக்டீரியா செய்ற வேலை. சந்தேகம் இருந்தா தண்டை அடியில வெட்டி, கண்ணாடி கிளாஸ்ல தண்ணி ஊத்தி, வெட்டின முனை தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி தொங்க விடுங்க. கொஞ்ச நேரத்துல பால் மாதிரி வெள்ளை நூல் தண்ணியில இறங்கும். அதுதான் சாட்சி. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டே காட்டுங்க.

அது வந்துட்டா மருந்து கிடையாது. செடியை வேரோட எடுத்து குப்பைக்குப் போடணும், உரக்குழியில போடக்கூடாது. அந்த மண்ணுல மறுபடி தக்காளி, கத்தரி, மிளகா, இஞ்சி எதுவும் வைக்காதீங்க, எல்லாத்துக்கும் அந்த நோய் வரும். கங்கோங், பயத்தங்காய் போடுங்க. அந்த மண்ணுல பட்ட கத்தியையும் கரண்டியையும் கழுவாம அடுத்த செடிக்குக் கொண்டு போகாதீங்க. இதனாலதான் தரையில நடாம, புது மண்ணு போட்டு டின்ல நடச் சொல்றோம். உலகக் காய்கறி மையம் இதுக்கு இன்னொரு வழியும் சொல்லுது. நோய் தாங்குற கத்தரி நாத்து மேல தக்காளி நாத்தை ஒட்டுக் கட்டுறது. வேரு கத்தரி, மேல தக்காளி. சுண்டைக்காய்ச் செடியில கட்டுறவங்களும் இருக்காங்க. கை நடுங்காத பிள்ளைங்களுக்கு நல்ல வேலை அது. எங்களுக்குக் கண்ணாடி போட்டாலும் சரியா தெரியல.

சரி, செய்முறைக்கு வர்றோம். விதையோட ஒரு தாள் குடுக்கணும்னு சொல்றோமே, அந்தத் தாள்ல இதுதான் இருக்கணும்.

தாம்பூலப் பையில போடுற மாதிரி ஆளுக்கு அம்பது விதை வேண்டாம். ஆறு விதை போதும். காகிதக் கப்புல அடியில ஓட்டை போட்டு, தேங்காய் நார்த்தூளும் கருப்பு மண்ணும் பாதிப் பாதி கலந்து நிரப்புங்க. அரை சென்டிமீட்டர் ஆழம், அதுக்கு மேல புதைக்காதீங்க. நம்ம சூட்டுல அஞ்சாறு நாள்ல முளைச்சிடும், சில சமயம் பத்து நாள் ஆகும். முளைச்ச அன்னைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டு போங்க. அடுப்படி ஜன்னல்லயே வச்சிருந்தா நாத்து வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு சாஞ்சிடும். தண்ணி அளவா ஊத்துங்க. கால் அழுகி நாத்து படுத்துக்கிட்டா அது தண்ணி அதிகமானதாலதான். அதுக்கும் கையை இழுக்காதீங்க.

மூணு நாலு வாரத்துல அசல் இலை நாலஞ்சு வந்ததும் பெரிய இடத்துக்கு மாத்தலாம். நம்ம சமையல்கட்டுல 17 கிலோ எண்ணெய் டின் மாசத்துக்கு எத்தனை மிஞ்சுது! அடியில ஏழெட்டு ஓட்டை போட்டா ஒரு செடிக்குத் தாராளம். தகரம் வெயில்ல காயும், அதனால சுத்தி கோணிச் சாக்கு கட்டுங்க. நடும்போது தண்டைக் கீழ் இலை வரைக்கும் ஆழமா புதைக்கணும், புதைஞ்ச தண்டுலயும் வேர் விடும். மத்த செடிக்குச் செய்ய முடியாததைத் தக்காளிக்குச் செய்யலாம்.

டின்னை எங்க வைக்கிறோம்ங்கிறது முக்கியம். நிறைய பேரு கார் நிறுத்துற இடத்துல, சிமெண்டுச் சுவத்தை ஒட்டி வைக்கிறாங்க. அந்தச் சுவரு பகல் முழுக்கக் குடிச்ச வெயிலை ராத்திரி பூரா செடி மேல விடும். ஏற்கெனவே ராத்திரிதான் நம்ம பிரச்சினை. காலை வெயில் படுற இடமா, சுவத்தை விட்டு, புல்லு மேல வைங்க. மேல ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கூரை இருந்தா மழை இலையில படாது, பூஞ்சை நோய் குறையும். தண்ணி காலையில, ஒரே அளவா. ரெண்டு நாள் காய விட்டு மூணாம் நாள் வெள்ளமா ஊத்தினா காய் அடி கருத்து அழுகும், இல்லைன்னா வெடிக்கும்.

பூ வந்ததும் காலை ஒன்பது, பத்து மணிக்கு, ஈரம் கொஞ்சம் காஞ்ச பிறகு, பூக்கொத்தை விரலால மெல்லத் தட்டுங்க. தக்காளிப் பூவுல ஆணும் பொண்ணும் ஒண்ணாத்தான் இருக்கு, ஆட்டம் குடுத்தா போதும். கருவண்டு வந்து பூவைப் பிடிச்சு ரீங்காரம் போடுறதும் இந்த வேலைக்குத்தான். வண்டு வந்தா விரட்டாதீங்க. விதை போட்டு மூணு மாசம், கூடக் குறைய, முதல் பழம் வரும்.

கார்த்திகைக்குக் குடுக்கச் சொல்றதுக்குக் காரணம் இதுதான். அப்ப விதைச்சா கூரைக்குக் கீழ நாத்து வளர்றதுக்குள்ள பெரிய மழை ஓயும். நம்ம வடக்குப் பக்கம் ஜனவரி கடைசி, பிப்ரவரில மழையும் ஈரமும் குறைவு, பூ அந்த நேரத்துக்கு வரும். பொங்கலுக்கு விதைச்சா பூ மார்ச் வெயில்ல மாட்டும். பொங்கலுக்கு வேணும்னா வெண்டை, கத்தரி, மிளகா நாத்து குடுங்க. தோட்டத்து லயத்துல நம்ம பாட்டிமாருங்க வீட்டைச் சுத்தி வளர்த்தது கத்தரி, முருங்கை, கீரைதானே. அவங்களுக்குத் தெரியும் எது இந்த மண்ணுல நிக்கும்னு.

அன்னதானச் செலவு குறையும்னு குழுவில ஒருத்தர் எழுதியிருந்தார். குறையாதுங்க. முந்நூறு பேருக்கு சாம்பாரும் ரசமும் வச்சா நமக்கு எட்டு, பத்து கிலோ தக்காளி போகுது. ஒரு டின் செடி நம்ம சூட்டுல மொத்தமா ஒரு கிலோ குடுத்தா பெரிய விஷயம். செலவுக்காக இதைச் செய்ய வேண்டாம். பிள்ளைங்க ஒரு விதை எப்படி உணவாகுதுன்னு பார்க்கட்டும், அதுக்காகச் செய்வோம். ஆறுல ரெண்டு செடி நின்னா அது நல்ல கணக்குன்னு முன்கூட்டியே சொல்லிடுவோம். அப்பதான் காய்க்காத வீட்டுல யாரும் யாரையும் பார்த்து ஒரு மாதிரி பேச மாட்டாங்க. மாமியார் மருமகளைப் பேச மாட்டாங்க. பிள்ளை இல்லாத தங்கச்சி ஒருத்தி செடி வச்சு அது காய்க்கலைன்னா, அவ காதுபட யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. இது நடக்காதுன்னு நினைக்காதீங்க, நம்ம தாமான்லயே நடக்குது.

இன்னொண்ணும் கேட்டுக்கிறோம். கார்த்திகை அன்னைக்குக் கோயில் சார்பா முதல் விதையைப் போடுறது யாருன்னு குழுவில பேச்சு வரும். தலைவர், செயலாளர், சுமங்கலிகள்னு பட்டியல் போடாதீங்க. சமையல்கட்டுல வருஷக்கணக்கா நம்ம எல்லாருக்கும் வெட்டிக் கொட்டி ஆக்கிப் போடுற கைங்க இருக்கு. அந்தக் கை வெட்டின காயை சாமிக்குப் படைக்கலாம், நாம சாப்பிடலாம், ஆனா மண்ணுல விதை போடக்கூடாதா? இதுக்கு யாராவது நியாயம் சொன்னா கேட்டுக்கத் தயாரா இருக்கோம். அந்த அக்கா இப்பவும் வெள்ளிக்கிழமை வர்றாங்க, பின்பக்கம் டின் இருக்கிற இடத்துக்கு மட்டும் வர்றதில்ல. நாங்க கூப்பிட்டோம். "பரவாயில்ல தம்பி, எனக்கு இங்க வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க.

சிலர் கோவிச்சுக்குவீங்க, பெரியவங்களை எதிர்த்து எழுதலாமான்னு. பெரியவர் மேல எங்களுக்கு மரியாதை குறையல. அவர் வீட்டுக்குத் தாழ்நில விதை நாங்களே கொண்டு போய்க் குடுத்தோம், வாங்கிக்கிட்டார்.

விதை நாப்பது பாக்கெட் வாங்கி வச்சிருக்கோம். பிரிச்சா நூறு வீட்டுக்கு மேல வரும். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சு பசியாறிட்டு, சமையல்கட்டுப் பின்னாடி டின்ல ஓட்டை போடுற வேலை இருக்கு. டிரில் இருக்கிறவங்க கொண்டு வாங்க. கையுறையும் கொண்டு வாங்க, தகரம் கிழிக்கும். டின் இப்போதைக்கு இருபத்திரண்டுதான் இருக்கு, பெயின்ட் வாளி இருந்தா நல்லா கழுவி எடுத்துட்டு வாங்க.